புளிப்பானைக்குள் பதினாறு நாள்

என் தங்கச்சி வீட்டு நாய் யாரைக் கண்டாலும் குரைக்கும். என்னைக் கண்டால் மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு வாசல் கேட்டருகே வந்து நிற்கும். "பாரேன், நம்ம ரத்தம்னு அதுக்குக்கூடத் தெரியுது" என்று தங்கச்சி சிரிப்பாள். இரண்டு பூட்டையும் திறந்து என்னை உள்ளே விட்டதும் மறுபடி இரண்டையும் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். வெளியே தெருவில் யாரும் இருக்க மாட்டார்கள். இருந்தாலும் ஒருதரம் எட்டிப் பார்ப்பாள்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. நான் அப்போது ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில், கொள்ளிடக் கரையோரம் ஒரு சிற்றூரில் இருந்தேன். என் வீட்டுக்காரர் அங்கே உபதேசியார். சாமியார் மாதம் ஒருமுறைதான் பூசை வைக்க வருவார். மற்ற ஞாயிறுகளில் சனங்களைக் கோயிலில் கூட்டி, வேதம் வாசித்து, செபம் சொல்லி முடிப்பது இவர் பொறுப்பு. பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. கோயிலை ஒட்டி இரண்டே அறையில் ஓட்டு வீடு. அறுப்பு முடிந்ததும் கொஞ்சம் நெல் வரும், மாதா மாதம் சிறு சம்பளம் வரும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. உபதேசியார் பெண்டாட்டி என்றால் எதற்கும் ஆசைப்படாதவள் என்று ஊரார் தாங்களாகவே எண்ணிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

நானும் தங்கச்சியும் அடுத்தவர் வயலில் களை பறித்த வீட்டில் பிறந்தவர்கள். என்னைக் கட்டிக்கொடுத்து நாலு வருசம் கழித்து அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அவள் புருசன் வெல்டர். கல்யாணமான மறுவருசமே சவுதிக்குப் போனான். அதற்கடுத்த வருசம் அரியலூருக்கு வெளியே, ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் தளம் போட்ட வீடு எழும்பியது. அதற்குப் பிறகு நான் போகிற ஒவ்வொரு தடவையும் அந்த வீட்டில் புதிதாக ஒன்று இருக்கும். டேப் ரெக்கார்டர், மிக்சி, பிரிட்ஜ், டிவி. ஊருக்கு வருகிறவர்கள் கையில் அவன் கொடுத்தனுப்புகிற சேலைகள் மடிப்புக் கலையாமல் பீரோவில் அடுக்கியிருக்கும். சோப்புக்குக்கூட ஒரு தனி வாசனை.

திரும்பி வரும்போது பஸ் ஜன்னலோரம் உட்காருவேன். சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு போகிற லாரிகள் எதிரே வரும். சாலையோரத்துப் புளியமரம், வேலி, குடிசைக் கூரை எல்லாம் வெள்ளை படிந்து கிடக்கும். என் கழுத்தில் ஒரு கவரிங் சங்கிலி. வியர்வை பட்டுப் பட்டு, கழுத்தில் படுகிற இடமெல்லாம் கறுத்துப்போயிருந்தது. அதை முந்தானைக்குள் தள்ளிக்கொள்வேன். சேசுவே, அவளுக்கு மட்டும் ஏன் என்று ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனால் திருமானூர் தாண்டி வீடு வந்து சேர்கிற வரைக்கும் மனசுக்குள் வேறு எதுவும் ஓடாது.

வீட்டில் சாமான்கள் சேரச் சேரத் தங்கச்சி மாறினாள். முதலில் சன்னலைச் சாத்தினாள். அப்புறம் வராந்தா முழுவதும் கம்பி போட்டாள். நாய் வந்தது அதற்குப் பிறகு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கேட்டால், "வூட்ட யாருக்கா பாத்துக்குவா?" என்பாள்.

பட்டப்பகலில் அந்த வீட்டுக்குள் லைட் போட்டுத்தான் உட்கார்ந்திருப்போம். பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று கையை உயர்த்தி என்னை நிறுத்துவாள். கழுத்தைச் சாய்த்துக் கேட்பாள்.

"என்னடி?"

"யாரோ மதில்கிட்ட நடக்குறாப்புல இல்ல?"

எனக்கு ஒன்றும் கேட்காது. பிரிட்ஜ் உறுமுவது மட்டும் கேட்கும்.

"எவளோ எம்மேல கண்ணு வச்சிருக்காக்கா. இந்த வூட்டுக்குள்ளாற வந்துட்டுப் போறவதான். யாருன்னுதான் தெரியல." ஒருநாள் இப்படிச் சொன்னாள். சொன்னபோது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் என்னை நினைத்துச் சொல்லவில்லை. நான் பார்வையைப் பிரிட்ஜ் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

அவள் வீட்டுக்குப் பூட்டுத் திறந்து வருகிற இன்னொரு ஆள், பாத்திரம் துலக்கித் துணி துவைக்கிற ஒரு அம்மா. நாற்பது வயசிருக்கும். புருசன் இல்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் குடியிருந்தது. ஒரே மகள். பெரம்பலூர்ப் பக்கத்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்து, பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த அம்மா அதிகம் பேசாது. நான் போனால், "வாங்க, உபதேசியார் வூட்டம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும்.

தவக்காலம் தொடங்கி ஒரு வாரமிருக்கும். ஒரு சனிக்கிழமை தங்கச்சியைப் பார்க்கப் போயிருந்தேன். பஸ்ஸில் வந்த புழுதி போகக் குளித்துவிட்டு வரச் சொன்னாள். அந்தக் குளியலறையை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சுவரெல்லாம் ஓடு பதித்து, குழாயைத் திருகினால் மேலிருந்து தண்ணீர் கொட்டும். தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் திரும்பினேன். சோப்பு வைக்கிற மாடத்தில் அவள் தங்கச் சங்கிலி கிடந்தது. குளிக்கும்போது கழற்றி வைத்து மறந்திருக்கிறாள். பூட்டு மேல் பூட்டுப் போடுகிறவள், அதை மட்டும் மறந்துவிட்டாள்.

அவளிடம் அதைப் போல இன்னும் நாலைந்து இருந்தன. நான் அதைக் கையில் எடுத்தேன். கனமாக இருந்தது. என் கறுத்த சங்கிலிக்கு மேலே வைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் என் கழுத்து வேறு யாருடைய கழுத்தாகவோ இருந்தது. அப்புறம் குளித்தேன். துவட்டிக்கொண்டேன். சேலை கட்டும்போது அதை இடுப்புச் சுருக்குப் பைக்குள் போட்டேன். கை நடுங்கவில்லை, அதுதான் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது. அரிசி களைந்து உலை வைக்கிற மாதிரி, தினமும் செய்கிற ஒரு வேலையைப் போலச் செய்தேன்.

வெளியே வந்தபோது அந்த அம்மா கொல்லைப்புறம் வாளியோடு நின்றது. "நான் உள்ள கழுவி வுட்டுறட்டுங்களா?" என்று கேட்டது. "ம், போங்க" என்றேன். அது உள்ளே போனது. நான் சாப்பிட்டேன். தங்கச்சி வாசல் கேட்வரை வந்து வழியனுப்பினாள். நாய் வாலாட்டியது.

வீட்டில் புளி போட்டு வைத்திருக்கிற பானை ஒன்று உண்டு. அதன் அடியில் சங்கிலியைப் புதைத்தேன். அதை விற்க எண்ணமில்லை. போட்டுக்கொள்ளவும் முடியாது, போட்டால் மறுநிமிசமே ஊர் கேட்கும். எதற்கு எடுத்தாய் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. இருக்கட்டும் என்று நினைத்தேன். என்னிடமும் ஒன்று இருக்கட்டும்.

மூன்றாம் நாள் அவர் வெளியே போயிருந்தபோது எடுத்துப் பார்த்தேன். புளி ஊறி அழுக்கெல்லாம் போய், அங்கே இருந்ததைவிடப் பளபளப்பாக இருந்தது. அதற்கு மேல் அதைப் பார்க்க முடியவில்லை. திரும்பப் புதைத்துவிட்டுக் கையைக் கழுவினேன். அதற்குப் பிறகு ரசம் வைக்கிறபோதெல்லாம் மேலே இருக்கிற புளியை மட்டும் கிள்ளி எடுப்பேன்.

அந்த வாரம் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அவர்கள் வரிசையாக ஒப்புவித்துக்கொண்டு வந்தார்கள். ஆறு முடிந்தது. களவு செய்யாதிருப்பாயாக என்கிற ஏழாவதுக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் வாய் திறந்தார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். கோயில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே அவர்கள் எட்டு, ஒன்பது, பத்து என்று முடித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள்.

மறு சனியும் போய், திங்கட்கிழமை உச்சி வெயிலில் எங்கள் வாசலில் தங்கச்சி வந்து நின்றாள். வீட்டைவிட்டு வெளியே வராதவள், தனியாகப் பஸ் பிடித்து வந்திருக்கிறாள். மார்போடு அணைத்தபடி ஒரு பெரிய துணிப்பை. வைக்கச் சொன்னேன், வைக்கவில்லை. மற்ற நகையெல்லாம் அதற்குள் இருக்கிறதாம். வீட்டில் விட்டுவிட்டு வரப் பயமாம்.

"எம்சங்கிலி போயிருச்சுக்கா" என்றாள். "பாத்ரூம்ல வச்சேன். அந்தப் பொம்பளதான். நீ போனப்புறம் வூட்டுல நானும் அவளுந்தான். வேற யாரு?"

என் வீட்டுக்காரர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "நல்லாத் தேடிப் பாத்தியாம்மா?" என்று கேட்டார்.

"தேடாத எடமில்ல மாமா. எங்கொழுந்தனாரு அவ வூட்டுக்கே போயிட்டாரு. சட்டி பானையெல்லாம் தெருவுல எறிஞ்சு பாத்தாரு, கெடைக்கல. எங்கயோ மாத்திட்டா. தெருவே கூடிருச்சு. பெரம்பலூர்க்காரங்களுக்கும் சேதி போயி, திருட்டுப் பொம்பள வூட்டுல பொண்ணெடுக்க மாட்டோம்னுட்டாங்களாம்." என் பக்கம் திரும்பினாள். "எத்தன நாளு சோறு போட்டிருப்பேன். இப்படிச் செய்வாளாக்கா?"

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது என்று சொன்னால் பொய். வாய்க்கு வந்தது வேறு. "யாரத்தான்டி நம்புறது இந்தக் காலத்துல" என்றேன்.

சங்கிலியை எடுத்தது ஒரு பாவம். இந்த வார்த்தை அதைவிடப் பெரிய பாவம் என்று நான் நினைக்கிறேன். அதைச் சொன்னபோது அடுப்படியில் புளிப்பானை எனக்கு நேர் எதிரே இருந்தது.

அன்றைக்கே எனக்குக் காய்ச்சல் கண்டது. நாலைந்து நாள் எழுந்திருக்கவில்லை. காற்றில் கதவு அசைந்தால்கூட யாரோ மதிலோரம் நடக்கிற மாதிரி இருந்தது. தங்கச்சி ஏன் அப்படிக் கழுத்தைச் சாய்த்துக் கேட்பாள் என்று இப்போது புரிந்தது. அவள் பயந்த ஆள் வந்தேவிட்டாள், நாய் குரைக்காததால் அவளுக்குத் தெரியவில்லை. இப்போது அதே பயம் என்னோடு பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிட்டது. கஞ்சி வைத்துக் கொடுத்தது அவர்தான். சனிக்கிழமை ரசமும் அவரே வைத்தார். வாய்க்கு ரசம் வேண்டுமென்று நான்தான் கேட்டிருந்தேன். ரொம்ப நேரம் அடுப்படியில் சத்தமே இல்லை. பிறகு ரசம் வந்தது. ஊற்றிக்கொடுத்தார். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. போர்வையைப் போர்த்திக்கொண்டு கோயிலுக்குப் போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். அவர் வேதபுத்தகத்தைத் திறந்து நின்றார். சனங்களும் எழுந்து நின்றார்கள். அவர் வாசிக்கவில்லை. புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ இருமினார்கள். ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு, "இன்னைக்கு எனக்கு வாசிக்கத் தகுதியில்லங்க, செபமால சொல்லுவோம்" என்று முழங்காலிட்டார். எல்லோரும் அவருக்குத்தான் உடம்பு சரியில்லையோ என்று பார்த்தார்கள். எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்து விரித்து அதில் சங்கிலியை வைத்தார்.

"நீயா சொல்லுவன்னு நேத்துலேருந்து பாத்தேன்."

"ஏங்க..."

"எனக்குச் சொல்ல வேணாம். அந்தம்மா சட்டி பானையத் தெருவுல எறிஞ்சாங்களே, அதக் கேட்டுக்கிட்டு எப்படி உக்காந்திருந்த?" அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாளைக்குப் போறோம். நானும் வரேன்."

போகிற வழியில் ஏலாக்குறிச்சிக் கோயிலில் இறங்கினோம். பங்குச் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர், "சங்கிலியத் திருப்பிக் குடுக்குறது சுலபம். அந்தம்மா பேரையும் திருப்பிக் குடுத்துட்டு வா" என்றார். மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை. அரியலூர் பஸ் ஏறினோம்.

தங்கச்சி இரண்டு பூட்டையும் திறந்தாள். உள்ளே போய் உட்காராமலே சங்கிலியை மேசைமேல் வைத்தேன். "நான்தான்டி எடுத்தேன்" என்றேன்.

அவள் சங்கிலியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் என்னென்னவோ எதிர்பார்த்திருந்தேன், அறை விழும் என்றுகூட. அவள் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசு" என்றாள். "யாருக்காச்சும் தெரியுமா?"

"இப்பத்தான் சொல்றேன். அந்தம்மாகிட்டப் போயிச் சொல்லணும்."

"பைத்தியமாக்கா ஒனக்கு? எங்கூடப் பொறந்தவ திருடின்னு தெருவுல தெரிஞ்சா நான் இங்க எப்படிக் குடியிருக்கறது? என் மாமியார் வூட்டுல என்ன நெனப்பாங்க? வேணும்னா நீயே வச்சுக்க." சங்கிலியை எடுத்து என் கைக்குள் திணித்தாள். "எடுத்துக்கிட்டுப் போ. அவ ஏற்கெனவே கெட்ட பேரு வாங்கிட்டா, அவளுக்கு இனிமே என்ன ஆவப்போவுது?"

பிரிட்ஜ் உறுமியது. அந்த அறையில் இருந்த ஒவ்வொரு சாமானையும் நான் பார்த்தேன். எத்தனை தடவை இவற்றுக்காகப் பொறாமைப்பட்டிருக்கிறேன். என் தங்கச்சி அவற்றுக்கு நடுவில், வெளியே யார் கேட்கிறார்கள் என்று கழுத்தைச் சாய்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். சங்கிலியை மறுபடி மேசைமேல் வைத்தேன். என் வீட்டுக்காரர் வெளிவாசலுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். "போனீன்னா திரும்ப இந்த வாசல மிதிக்காத" என்றாள் தங்கச்சி. மூன்று தடவை சாவியை மாற்றி மாற்றிப் போட்ட பிறகுதான் பூட்டுத் திறந்தது.

ரயில் பாதையைத் தாண்டிப் போனோம். அந்த அம்மா குடிசை வாசலில் முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தது. உடைந்த பானையின் வாய்ப்பகுதி சுவரோரம் கிடந்தது. மகள் எங்களைக் கண்டதும் எழுந்து உள்ளே போனாள். நான் அந்த அம்மாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். குளியலறையில் தொடங்கி, "யாரை நம்புறது" என்று நான் சொன்னது வரைக்கும்.

முறம் நிற்கவில்லை. நான் சொல்லி முடித்த பிறகும் அந்த அம்மா நாலு தடவை புடைத்தது. அப்புறம் கீழே வைத்தது.

"நான் கழுவி வுட்டுறட்டுங்களான்னு கேட்டேன். போங்கன்னீங்க" என்றது. "அப்பயே அது ஒங்க மடியில இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

"அக்கான்னு கூப்புடாதீங்க."

முறத்தை ஓரமாகத் தள்ளியது. பிறகு கேட்டது: "ஒங்க சாமிகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அது மன்னிச்சிரும். நல்ல சாமின்னு சொல்லுவாங்க. எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா? தெருவுல எறிஞ்சாங்க, தெருவுல சொல்லுங்க."

தண்ணீர் வருகிற நேரம். தெருக்குழாயில் பத்துப் பதினைந்து பெண்கள் குடத்தோடு நின்றார்கள். நான் போய் நடுவில் நின்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. நான் இன்னாருடைய அக்கா, அந்தச் சங்கிலியை எடுத்தவள் நான், இந்த அம்மாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருத்தி, "கோயில்ல புள்ளைங்களுக்குப் பாடஞ் சொல்றவளாம்" என்று காறித் துப்பினாள். இன்னொருத்தி சிரித்தாள். வயசான ஒருத்தி, "போ தாயி, போ. இதுக்கு மேல நிக்காத" என்றாள். என் வீட்டுக்காரர் எனக்குப் பக்கத்திலேயே நின்றார். அவர் தலையைக் குனியவில்லை.

அந்த அம்மா தன் குடத்தைக் கொண்டுவந்து, வரிசையில் தன் இடத்தில் வைத்தது. அதுவரை பத்து நாளாக அந்த அம்மாவை அந்தக் குழாயில் அண்டவிடவில்லையாம். அதை நான் பின்னால்தான் கேள்விப்பட்டேன்.

பெரம்பலூர்க்காரர்கள் திரும்பி வரவில்லை. உண்மை தெரிந்தும் வரவில்லை. என் வீட்டுக்காரர் இரண்டுமுறை அவர்கள் ஊருக்கே போய்ப் பேசிப் பார்த்தார். வேறு பெண் பார்த்தாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் திருப்பிக் கொடுத்ததில் இது மட்டும் திரும்பவே இல்லை. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் என் கதை நல்ல கதையாகிவிடும், அது நியாயமில்லை.

சேதி எங்கள் ஊருக்கும் வந்தது. ஞானோபதேசத்துக்குப் பிள்ளைகளை அனுப்பாமல் நாலைந்து வீடுகள் நிறுத்திக்கொண்டன. சாமியார் இவரை வேலையிலிருந்து எடுக்கவில்லை, ஆனால் கொஞ்ச நாள் வேறொருவரை வாசிக்கச் சொன்னார். தங்கச்சி ஆறு வருசம் என்னோடு பேசவில்லை.

மனநிறைவு என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். அது எப்படி வருமென்று நான் நினைத்திருந்தேனோ அப்படி வரவில்லை. பெரிய வெள்ளியன்று சிலுவையில் பாடுபட்ட சுரூபத்தை முத்தி செய்ய வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னாலும் பின்னாலும் இடம் விட்டு நின்றார்கள். எல்லோருக்கும் நான் யாரென்று தெரியும். மறைக்க ஒன்றுமில்லை. குனிந்து அந்த மரச்சுரூபத்தின் காலில் வாயை வைத்தேன். ஆணி அடித்த இடம் வாயில் தட்டுப்பட்டது. சட்டை துணிகூட இல்லாமல் தொங்குகிறவரிடம் போய், எனக்கு அது இல்லை, இது இல்லை என்று இத்தனை நாள் முறையிட்டிருக்கிறேனே என்று தோன்றியது. அழுகை வரவில்லை. பசித்தது. பல வாரங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது. ஒருசந்தி விரதம் முடிந்து இவர் கஞ்சியும் துவையலும் வைத்தார். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

ஆசை அதோடு செத்துப்போகவில்லை. திருச்சிக்குப் போனால் நகைக்கடை வாசலில் இன்றைக்கும் என் நடை மெதுவாகும். அப்போதெல்லாம் என் கையை நானே பார்த்துக்கொள்வேன். அன்று நடுங்காத கை அது. என்னைக் கண்டு எனக்கு இருக்கிற பயம் போகவில்லை. ஆனால் கேட்கிற செபம் மாறிவிட்டது. கொடு என்று கேட்பது குறைந்து, பிடித்துக்கொள் என்று கேட்கிறேன்.

இரண்டு வருசம் கழித்து ஒரு பகலில் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மாவைப் பார்த்தேன். பக்கத்தில் மகள், அவள் மடியில் கைக்குழந்தை. உடையார்பாளையம் பக்கம் கட்டிக்கொடுத்ததாகக் கேள்விப்பட்டிருந்தேன். மாப்பிள்ளைக்கு முந்திரிக்கொல்லையில் வேலை. நான் பார்க்காதது போலப் போய்விட நினைத்தேன். அந்த அம்மா பார்த்துவிட்டது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு பெஞ்சில் வைத்திருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தது.

"உக்காருங்க. திருமானூர் பஸ்ஸு இன்னும் வரல."

உட்கார்ந்தேன். அதற்கு மேல் அந்த அம்மா பேசவில்லை, நானும் பேசவில்லை. குழந்தையை என் கையில் கொடுக்கவில்லை, நான் கேட்கவும் இல்லை. வெயில் தகரக் கூரைமேல் பொரிந்துகொண்டிருந்தது. ஒருவன் வேர்க்கடலை விற்றுக்கொண்டு போனான். என் பஸ் வருவதற்கு முக்கால் மணி நேரமானது. அந்த முக்கால் மணி நேரமும் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.